சங்கக் காசை எந்த வங்கியில் வைப்பது? உலகச் சந்தை சரியும் காலத்தில் வன்னிப் பொருளாளர் ஒருவர் பார்க்க வேண்டியவை

உங்களைச் சங்கத்தின் பொருளாளராகப் போட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கமக்காரர் அமைப்பாக இருக்கலாம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமாக இருக்கலாம், மரண சகாய நிதியாகவோ கோயில் பரிபாலன சபையாகவோ இருக்கலாம். வரவுசெலவுப் புத்தகமும் றப்பர் முத்திரையும் சில இலட்சத்துக்கு நிலையான வைப்புப் பத்திரமும் கைக்கு வந்து சேரும். அடுத்த கூட்டத்திலேயே ஒருவர் எழும்புவார்: "அந்த நிதிக் கம்பனியில ரெண்டு வீதம் கூடத் தருகினம், நாங்கள் ஏன் இஞ்ச வைச்சிருக்கிறம்?" பின்வாங்கில் இருக்கிறவர் விடமாட்டார்: "வெளிநாட்டில வங்கி விழுந்திட்டுதாம். எல்லாத்தையும் எடுங்கோ தம்பி."

இரண்டு பேருக்கும் ஆதாரத்தோடு பதில் சொல்ல எனக்குப் பெரிய அலைச்சலே தேவைப்பட்டது. வங்கியில் கேட்டால் விளம்பரத் துண்டு கிடைக்கும். தெரிந்தவர்களைக் கேட்டால் "அது பெரிய வங்கி, பயப்பிடாதையுங்கோ" என்ற ஆறுதல் கிடைக்கும். விவரம் எல்லாம் பொதுவெளியில்தான் கிடக்கிறது, ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மூலையில். பரந்தனில் இருந்தாலும் ஒட்டுசுட்டானில் இருந்தாலும், கையில் போன் இருந்தால் இதில் பெரும்பகுதியை வீட்டிலேயே பார்த்து முடிக்கலாம். செலவு டேட்டாவும் போட்டோக் கொப்பியும்தான். ஒரு பின்னேரம் ஒதுக்கினால் ஒரு நிறுவனத்தைப் பற்றித் தெளிவு வந்துவிடும்.

ஆனால் ஒழுங்கு மாறக்கூடாது. நாளைக்குக் கதவு பூட்டப்பட்டால் யார் பொறுப்பு, எவ்வளவு வரைக்கும் என்பது முதற்கேள்வி. வட்டி எவ்வளவு என்பது கடைசி. ஊரில் பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் கேட்கிறோம்.

1. உரிமம் இருக்கிறதா?

இலங்கை மத்திய வங்கியின் இணையத்தளத்தில் தமிழ்ப் பக்கம் உண்டு. அங்கே மூன்று பட்டியல்கள் இருக்கும்: உரிமம்பெற்ற வர்த்தக வங்கிகள், உரிமம்பெற்ற சிறப்பியல்வாய்ந்த வங்கிகள், உரிமம்பெற்ற நிதிக் கம்பனிகள். முதலிரண்டும் 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்துக்கு உட்பட்டவை. மூன்றாவது 2011 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்துக்கு உட்பட்டது. நீங்கள் காசு வைக்க நினைக்கும் நிறுவனத்தின் பெயரை இந்தப் பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இணையம் சரிவராவிட்டால் 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்து மத்திய வங்கியிடமே கேட்கலாம். கிளிநொச்சியில் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகமும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பலருக்கு அது ஊழியர் சேமலாப நிதி அலுவலுக்குப் போகும் இடமாக மட்டுமே தெரியும்.

இங்கே ஆட்கள் விழும் பொறிகள் சில.

குழுமப் பெயர். ஒரு பெரிய குழுமத்தில் வங்கி இருக்கும், காப்புறுதிக் கம்பனி இருக்கும், வேறு பத்துக் கம்பனிகளும் இருக்கும். உரிமம் குழுமத்துக்கு இல்லை, தனித்தனிக் கம்பனிக்குத்தான். 2008 டிசம்பரில் கோல்டன் கீ என்ற கடன் அட்டைக் கம்பனி சரிந்தபோது இதுதான் நடந்தது. வைப்பு வாங்க உரிமமே இல்லாத கம்பனிக்குள் குழுமத்தின் பெயரை நம்பிக் காசு போட்டவர்கள் ஆண்டுக்கணக்காக நீதிமன்றத்துக்கு அலைந்தார்கள். அதே குழுமத்தோடு தொடர்புபட்டிருந்த செலான் வங்கியிலும் வைப்பாளர் முண்டியடித்தார்கள். அது உரிமம்பெற்ற வங்கி என்பதால் மத்திய வங்கி தலையிட்டு நிர்வாகத்தை இலங்கை வங்கியிடம் கொடுத்தது. வங்கி தப்பியது, வைப்புகளும் தப்பின. ஒரே புயல்தான். உரிமம் இருந்த இடத்தில் ஒரு முடிவு, இல்லாத இடத்தில் இன்னொரு முடிவு.

கடன் கொடுக்கும் கம்பனி வேறு, வைப்பு வாங்கும் கம்பனி வேறு. லீசிங் மட்டும் செய்யப் பதிவுபெற்ற கம்பனிகள் பொதுமக்களிடம் வைப்பு வாங்க முடியாது. வாராவாரம் குழுக்கூட்டம் வைத்து அறவிடும் நுண்நிதிக் கம்பனியிடம் கடன் இருக்கிறது என்பதற்காகச் சங்கத்தின் சேமிப்பையும் அங்கே கொடுத்துவிடாதீர்கள்.

கூட்டுறவும் சமுர்த்தியும். கூட்டுறவுக் கிராமிய வங்கி, சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம், சமுர்த்தி வங்கி ஆகியவை சட்டப்படியான அமைப்புகள்தான். ஆனால் மத்திய வங்கியின் மேற்பார்வைக்குள்ளும் வைப்புக் காப்புறுதிக்குள்ளும் அவை வராது. சணச அபிவிருத்தி வங்கி உரிமம்பெற்ற வங்கி. ஊரில் அதே பெயரோடு இயங்கும் சங்கம் கூட்டுறவுச் சட்டத்துக்குள் வருவது. இவற்றில் காசே வைக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வைப்பதென்றால் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போய்க் கணக்காய்வு அறிக்கையைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு வருடமாகக் கணக்காய்வு நடக்காத சங்கத்தில் புதிதாக ஒரு சதமும் போடாதீர்கள்.

2. பதினொரு இலட்சம் என்ற எல்லை

உரிமம்பெற்ற வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் இலங்கை வைப்புக் காப்புறுதித் திட்டத்தில் கட்டாய உறுப்பினர்கள். 2021 ஏப்ரலில் இருந்து ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் அதிகபட்ச இழப்பீடு 11 இலட்சம் ரூபா. இதற்காக நீங்கள் தனியே கட்டணம் கட்டுவதில்லை. நிறுவனந்தான் தவணைப் பணம் கட்டுகிறது.

இந்த ஒரு வரிக்குள் நாலு நுணுக்கம் இருக்கிறது. முதலாவது, கிளைகளைக் கூட்டித்தான் பார்ப்பார்கள். ஒரே வங்கியின் கிளிநொச்சிக் கிளையில் 10 இலட்சமும் முல்லைத்தீவுக் கிளையில் 10 இலட்சமும் வைத்தால் அது ஒரே வங்கியில் 20 இலட்சம். இரண்டாவது, வட்டியும் அந்த எல்லைக்குள்தான் சேரும். சரியாக 11 இலட்சத்தை வைத்தால் சேர்ந்த வட்டி வெளியே நிற்கும். 10 இலட்சம் வைப்பது புத்தி. மூன்றாவது, அதே நிறுவனத்துக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய கடன் கழிக்கப்படும். கடனுக்கு ஈடாக வைத்த வைப்பு கணக்கிலேயே வராது.

நாலாவதுதான் பெரிய பொறி. வைப்புக்குத்தான் காப்புறுதி. அதே கவுண்டரில் தொகுதிக்கடன் (டிபென்ச்சர்), பங்கு, முதலீட்டுத் திட்டம் என்று வேறு பத்திரங்களையும் விற்பார்கள். வட்டி கூட. காப்புறுதி இல்லை. 2023 மார்ச் 19 இல் சுவிஸின் கிரெடிட் சுவிஸ் வங்கியை யூபிஎஸ் வாங்கியபோது வைப்பாளர்கள் ஒரு பிராங்கும் இழக்கவில்லை. அதே வங்கி வெளியிட்ட ஒருவகை மூலதனப் பத்திரங்களை வைத்திருந்தவர்களின் ஏறத்தாழ 1,600 கோடி பிராங் ஒரே நாளில் பூச்சியமாக்கப்பட்டது. சுவிஸில் சொந்தக்காரர் இருக்கிற வீடுகளுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். உங்கள் கையில் தரும் பத்திரத்தின் தலைப்பில் "நிலையான வைப்பு" என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

காப்புறுதி இருக்கிறது என்பதற்காக அடுத்த நாளே காசு வரும் என்று எண்ண வேண்டாம். 2020 மே 22 இல் த பினான்ஸ் கம்பனியின் உரிமம் நீக்கப்பட்டது. அப்போது எல்லை 6 இலட்சம். அதற்கு உட்பட்ட இழப்பீட்டை மக்கள் வங்கிக் கிளைகளூடாகக் கொடுத்தார்கள். அதற்கு மேல் வைத்திருந்தவர்கள் கம்பனியின் சொத்துகள் விற்கப்படும்வரை காத்திருக்க வேண்டிய நிலை. காலபோகத்துக்கு உரம் வாங்க வைத்திருக்கும் காசை அப்படி ஒரு வரிசைக்குள் மாட்டக்கூடாது.

அரச வங்கி என்றால் எல்லையே இல்லையா என்று கேட்பார்கள். தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அந்த வங்கியின் சட்டத்திலேயே அரச உத்தரவாதம் எழுதப்பட்டிருக்கிறது. மற்ற அரச வங்கிகளை அரசு விழவிடாது என்பது நம்பிக்கை. 2024 வரவுசெலவுத் திட்டத்தில் வங்கிகளின் மூலதனத்தை நிரப்ப 45,000 கோடி ரூபா ஒதுக்கியதைப் பார்த்தால் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இருக்கிறது. இருந்தாலும் நம்பிக்கை வேறு, எழுத்து வேறு. போர்க்காலத்தில் புலிகள் நடத்திய தமிழீழ வைப்பகத்தின் துண்டை இன்னும் பெட்டிக்குள் வைத்திருக்கும் குடும்பங்கள் உள்ள மண்ணில் இதை நான் விளக்கத் தேவையில்லை.

3. வட்டியைத் திறைசேரி உண்டியலோடு ஒப்பிடுங்கள்

"15 வீத வட்டி" என்றால் அது கூடவா குறையவா? தனியே பார்த்தால் சொல்ல முடியாது. 2022 ஏப்ரல் 8 இல் மத்திய வங்கி ஒரே தீர்மானத்தில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகளால் ஏற்றியது. அந்த வருடக் கடைசியில், அரசு குறுங்காலக் கடன் வாங்க வெளியிடும் பத்திரமான திறைசேரி உண்டியலின் மூன்று மாத வட்டியே 30 சதவீதத்தைத் தாண்டியது. அப்போது ஒரு வங்கி நிலையான வைப்புக்கு 20 சதவீதத்துக்கு மேல் கொடுத்ததில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. இன்றைக்கு அதே வட்டியை ஒருவர் தருவதாகச் சொன்னால் நாற்காலியை விட்டு எழும்பிவிடுங்கள்.

ஆகவே ஒப்பீடு இப்படி: மத்திய வங்கி வாராவாரம் வெளியிடும் உண்டியல் ஏல முடிவில் மூன்று மாதம், ஆறு மாதம், பன்னிரண்டு மாத வட்டிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்கும் வைப்பின் தவணைக்குப் பொருந்தியதை எடுங்கள். அரசுக்குக் கடன் கொடுத்தால் கிடைப்பதைவிட ஒரு கம்பனி நிறையக் கூடத் தருகிறது என்றால் அது இரண்டில் ஒன்று. வாங்கிய காசை அதைவிட ஆபத்தான கடனாகக் கொடுக்கிறது. அல்லது பழைய வைப்பாளருக்குத் திருப்பிக் கொடுக்கப் புதிய வைப்பு அவசரமாகத் தேவைப்படுகிறது. சரிவுக் காலத்தில் இரண்டாவது காரணத்துக்குத்தான் கூடுதல் இடம்.

மாதம் 5 சதவீதம், ஆட்களைச் சேர்த்தால் தரகு, வட்ஸ்அப் குழுவில் டொலர் என்று வருவதெல்லாம் இந்த ஒப்பீட்டுக்கே தகுதியற்றவை. பிரமிட் திட்டத்தை நடத்துவது வங்கித்தொழில் சட்டத்தின் 83C பிரிவின்படி குற்றம். அதில் ஆட்களைச் சேர்த்துவிடுபவரும் மாட்டுவார்.

4. சின்ன எழுத்து அட்டவணையை வாசிப்பது எப்படி

வங்கிகள் காலாண்டுக்கு ஒருமுறை நிதிக்கூற்றைப் பத்திரிகையிலும் தங்கள் இணையத்தளத்திலும் போடும். பத்திரிகையில் முழுப்பக்கத்துக்கு எறும்பு எழுத்தில் வரும். எல்லோரும் அதைப் புரட்டிவிட்டு அந்திரட்டி அறிவித்தல் பக்கத்துக்குப் போய்விடுவார்கள். காலாண்டு முடிந்து ஏறத்தாழ இரண்டு மாதத்துக்குள் வரும். ஆகவே மார்ச் மாதக் கணக்கை மே கடைசியிலும், யூன் கணக்கை ஓகஸ்ட் கடைசியிலும் தேடுங்கள். டிசம்பர் ஆண்டுக்கணக்கு கணக்காய்வு முடிந்து சற்றுப் பிந்தி வரும். நிதிக் கம்பனிகள் பலவற்றின் நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

முழுவதையும் வாசிக்க வேண்டாம். இலாபத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். "தெரிவுசெய்யப்பட்ட செயலாற்றக் குறிகாட்டிகள்" என்ற சிறிய அட்டவணை ஒன்று இருக்கும். அதில் நாலு வரி போதும். இந்த வருட நிரலையும் போன வருட நிரலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதல் வரி, மொத்த மூலதன விகிதம். கொடுத்த கடன்களையும் மற்றச் சொத்துகளையும் ஆபத்துக்கேற்ப நிறைபோட்டுக் கூட்டி, அதோடு ஒப்பிட்டால் நட்டத்தைத் தாங்க வங்கியிடம் எவ்வளவு மூலதனம் இருக்கிறது என்பதை இது சொல்லும். சாதாரண வங்கிக்கு ஆகக்குறைந்தது 12.5 சதவீதம் இருக்க வேண்டும். நாட்டுக்கே முக்கியமான பெரிய வங்கிகளுக்கு இன்னும் கூட. எல்லைக்கு ஒட்டி நிற்கிறதா, நாலைந்து புள்ளி மேலே நிற்கிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது. இதில் ஒரு உள்குத்து உண்டு. ரூபாவில் வெளியிடப்பட்ட அரச பிணையங்களுக்கு இந்தக் கணக்கில் ஆபத்து நிறை பூச்சியம். அரசுக்கே நிறையக் கடன் கொடுத்த வங்கியின் விகிதம் அழகாகத் தெரியும். 2022 ஏப்ரல் 12 இல் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியபோது, "பூச்சிய ஆபத்து" என்ற சொல்லுக்கு எவ்வளவு பெறுமதி என்று எல்லோரும் யோசித்தார்கள்.

இரண்டாவது வரி, திரவத்தன்மைக் காப்பு விகிதம். ஆகக்குறைந்தது 100. நெருக்கடியில் 30 நாளுக்கு வெளியே போகக்கூடிய காசுக்கு, உடனே காசாக்கக்கூடிய சொத்து கையில் இருக்கிறதா என்பதை இது சொல்லும். 2023 மார்ச் 10 இல் மூடப்பட்ட அமெரிக்காவின் சிலிக்கன் வலி வங்கி கெட்ட கடன் கொடுத்ததால் விழவில்லை. நீண்டகாலப் பிணைமுறிகளில் காசை முடக்கியிருந்தது. வட்டி ஏற அவற்றின் விலை விழுந்தது. காப்புறுதி எல்லைக்கு மேலே வைத்திருந்த பெரிய வைப்பாளர்கள் ஒன்றாக ஓடினார்கள். அவ்வளவுதான். சொத்து இருப்பதும் கையில் காசு இருப்பதும் ஒன்றல்ல.

மூன்றாவது வரி, நிலை 3 கடன் விகிதம். ஏறத்தாழ 90 நாளுக்கு மேல் கட்டுப்படாமல் கிடக்கும், திரும்பி வருவது ஐயமான கடன்கள் இவை. 2022 நெருக்கடியில் நாட்டின் வங்கித்துறை முழுவதற்குமே இது 10 சதவீதத்தைத் தாண்டியது. ஆகவே 10 என்ற எண்ணைக் கண்டவுடன் பதறத் தேவையில்லை. துறைச் சராசரியோடும் போன வருடத்தோடும் ஒப்பிடுங்கள். எல்லோருக்கும் குறையும்போது உங்களுடையதில் ஏறினால் கவனியுங்கள்.

நாலாவது வரி, நிலை 3 கடனுக்கு எதிரான ஒதுக்கீட்டு விகிதம். மூன்றையும் நாலையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். ஒரு கணக்குப் போடுவோம். வங்கி 100 ரூபா கடன் கொடுத்திருக்கிறது. நிலை 3 விகிதம் 12. அதாவது 12 ரூபா சிக்கலில் கிடக்கிறது. ஒதுக்கீடு 55 சதவீதம். அதாவது 6 ரூபா 60 சதத்தை "போனதாக" ஏற்கெனவே கணக்கில் கழித்துவிட்டார்கள். மிச்சம் 5 ரூபா 40 சதம். அது வராவிட்டால் பங்குதாரர் மூலதனத்தில்தான் விழும். ஐந்தொகையில் மூலதனம் 10 ரூபா என்றால், பாதிக்கு மேல் அடிபடும். மூலதனம் 20 ரூபா என்றால் தாங்கும். கல்குலேட்டரில் ஐந்து நிமிட வேலை. இரண்டு நிறுவனங்களுக்கு இதைச் செய்து பார்த்தால் விளம்பரப் பலகை சொல்லாத வித்தியாசம் தெரியும்.

சரிவுக் காலத்தில் இந்த எண்ணிலும் ஒரு மறைவு இருக்கும். 2020 கொரோனாக் காலத்திலும் அதற்குப் பிறகும் கடனாளிகளுக்குத் தவணைச் சலுகை கொடுத்தார்கள். சலுகையில் இருக்கும் கடன் கட்டுப்படாவிட்டாலும் உடனே நிலை 3 க்குள் வராது. ஆகவே ஆண்டறிக்கையில் நிலை 2 கடன்களும் (ஆபத்துக் கூடியிருந்தாலும் இன்னும் நிலை 3 க்குப் போகாதவை) எவ்வளவு பெருத்திருக்கின்றன என்று பாருங்கள். நிலை 2 தான் அடுத்த வருட நிலை 3.

5. அவர்கள் யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள்?

அட்டவணை கொழும்புக் கணக்கு. எங்கள் பக்கக் கணக்கை நாங்களே கண்ணால் பார்க்கலாம். அதை யாரும் செய்வதில்லை என்பதுதான் எனக்கு விளங்காத விடயம்.

வெளிநாட்டில் சந்தை சரிந்தால் வன்னிக்கு அது வரும் வழிகள் தெரிந்தவைதான். கனடாவிலும் ஐரோப்பாவிலும் வேலை குறைந்தால் மாதாமாதம் வரும் காசு பிந்தும். ஆடைத் தொழிற்சாலைக்கு ஓடர் குறைந்தால் பிள்ளைகளின் மேலதிக நேரச் சம்பளம் நிற்கும். டொலர் ஏறினால் உரமும் டீசலும் ஏறும். இந்த மூன்றையும் நம்பித்தான் இங்கே லான்ட்மாஸ்டர் (இரு சில்லு உழவு இயந்திரம்) லீசிங்கும், முச்சக்கர வண்டி லீசிங்கும், வீட்டுக் கடனும் எடுக்கப்படுகின்றன.

ஆண்டறிக்கையில் "துறைவாரியான கடன்" என்ற பக்கத்தைத் தேடுங்கள். வாகன லீசிங், விவசாயம், கட்டடம், நுண்கடன், அடகு என்று பிரித்திருக்கும். ஒரே துறையில் பாதிக்கு மேல் நிற்கும் நிறுவனம் அந்தத் துறையோடு சேர்ந்து எழும்பும், சேர்ந்து விழும். பிறகு வெளியே வந்து பாருங்கள். பறித்த வாகனங்களை நிறுத்தும் வளவு நிரம்புகிறதா? அடகு ஏல அறிவித்தல்கள் பத்திரிகையில் நீளுகின்றனவா? அறவிடும் பொடியன்மார் அடிக்கடி மாறுகிறார்களா? கிளையில் வைப்பு இலக்குக்காக ஊழியர்கள் வீடு வீடாக வருகிறார்களா? ஒன்று மட்டும் தெரிந்தால் பெரிதுபடுத்த வேண்டாம். மூன்றும் நாலும் சேர்ந்து தெரிந்தால் அடுத்த தவணையைப் புதுப்பிக்காதீர்கள்.

அடகு பற்றித் தனியே ஒரு சொல். உழவுக்கு நகையை வைத்து அறுவடைக்கு மீட்பது எங்கள் வழக்கம். வங்கிக்கும் அது பாதுகாப்பான கடன் என்று தோன்றும். 2013 இல் உலகச் சந்தையில் தங்க விலை சடாரென விழுந்தபோது, நகையின் பெறுமதி கடனுக்குக் கீழே போனது. ஆட்கள் மீட்க வரவில்லை. அடகை நம்பியிருந்த வங்கிகளுக்கு நல்ல அடி. தங்கம் உச்சத்தில் நிற்கும்போது பவுணுக்கு ஆகக்கூடிய காசு தருவதாகப் பதாகை கட்டும் நிறுவனத்தைப் பார்த்தால், அடகு வைப்பவருக்கு நல்லது, வைப்பு வைப்பவருக்கு அவ்வளவு நல்லதல்ல.

6. தரப்படுத்தல் எழுத்து

பிட்ச் ரேட்டிங்ஸ் லங்கா, லங்கா ரேட்டிங் ஏஜென்சி போன்றவை வங்கிகளுக்கும் நிதிக் கம்பனிகளுக்கும் எழுத்துத் தரம் கொடுக்கின்றன. ஏஏஏ மேலே, டி கீழே. பிபிபி மைனசுக்குக் கீழே போனால் ஊகத்தரம், அதாவது ஆபத்துக் கூடியது. எழுத்துக்குப் பின்னால் வரும் நாட்டுக்குறி, இது இலங்கைக்குள் மட்டும் ஒப்பிடுவதற்கான அளவு என்று சொல்கிறது. லண்டன் வங்கியின் எழுத்தோடு இதை ஒப்பிட்டு வாதாட வேண்டாம். எழுத்தைவிட, அது எந்தத் திகதியில் கொடுக்கப்பட்டது, கடைசியாக ஏறியதா இறங்கியதா என்பது முக்கியம். தரப்படுத்தலை நிறுவனம் திடீரென நிறுத்திக்கொண்டது என்றால் அதுவே ஒரு பதில்.

7. பிரித்து வைப்பது: ஆவணம், தவணை, வரி

இவ்வளவும் பார்த்த பிறகு இரண்டு அல்லது மூன்று நிறுவனங்கள் மிஞ்சும். சங்கத்திடம் 28 இலட்சம் இருந்தால் மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் 10 இலட்சத்துக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சங்கக் கணக்குத் திறக்க வங்கிகள் பொதுவாகக் கேட்பவை: சங்கப் பதிவுச் சான்றிதழ், யாப்பின் பிரதி, கணக்குத் திறக்கவும் கையெழுத்திடுவோரை நியமிக்கவும் எடுத்த தீர்மானத்தின் கூட்டறிக்கைப் பிரதி, தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரின் அடையாள அட்டை, முகவரிச் சான்று, முத்திரை. முகவரிக்குக் கிராம அலுவலரின் சான்றிதழ் கேட்பார்கள். அதைப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் இடச் சொன்னால் ஒரு நாள் போகும். கூட்டறிக்கையில் வங்கியின் பெயர், கிளை, யார் யார் கையெழுத்திடுவது, மூவரில் இருவரா மூவருமா என்பது தெளிவாக இருக்க வேண்டும். "வங்கியில் வைப்பிலிடத் தீர்மானிக்கப்பட்டது" என்று மொட்டையாக எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். பிறகு அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டும். நிர்வாகம் மாறினால் அந்த மாதமே கையெழுத்தையும் மாற்றுங்கள். பழைய பொருளாளர் கனடாவுக்குப் போய்விட்டால் காசு இருந்தும் எடுக்க முடியாது.

தவணையைப் போகத்தோடு பொருத்துங்கள். காலபோக உழவுக்கும் விதைப்புக்கும் செப்ரெம்பர், ஒக்டோபரில் காசு தேவை. சிறுபோகம் என்றால் ஏப்ரல். எல்லாவற்றையும் பன்னிரண்டு மாதத்தில் கட்டிப்போட்டால் இடையில் உடைக்க வேண்டி வரும். இடையில் உடைத்தால் வட்டியில் வெட்டு விழும். எவ்வளவு வெட்டு என்பதை வைக்கும் நாளிலேயே எழுத்தில் கேளுங்கள். தானாகப் புதுப்பிக்கும் கட்டத்தில் கோடு போட முதல் யோசியுங்கள். வட்டி விழுந்துகொண்டிருக்கும்போது அது நல்லது. நிறுவனத்தின் மேல் ஐயம் இருந்தால் அது பொறி.

வட்டி வரியை மறக்க வேண்டாம். 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் 10 சதவீதத்தை வங்கியே பிடித்துக்கொள்கிறது. 10 இலட்சத்துக்கு 8 சதவீதம் என்றால் வட்டி 80,000. கைக்கு வருவது 72,000. வருட வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாத தனியாள் வங்கியில் வெளிப்படுத்தல் படிவம் கொடுத்து இந்தப் பிடிப்பைத் தவிர்க்கலாம். அம்மா அப்பாவின் பெயரில் சிறிய வைப்பு இருந்தால் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். சில கிளைகளில் கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள்.

பத்து வருடம் தொடாமல் கிடக்கும் கணக்கு கைவிடப்பட்ட ஆதனமாக மத்திய வங்கிக்கு மாற்றப்படும். உரித்தாளி திரும்பக் கேட்கலாம், ஆனால் வீண் அலைச்சல். இடம்பெயர்வுக்கு முன் திறந்த பழைய புத்தகம் வீட்டில் இருந்தால் இப்போதே கிளையில் காட்டிப் பதிவு செய்யுங்கள்.

8. சங்கம் கடன் கொடுத்தால் நீங்களும் ஒரு வங்கிதான்

சுழற்சிக் கடன் கொடுக்கும் சங்கங்களுக்கு இது. எங்கள் பக்கக் காணிகள் பல, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிகள். வங்கி ஈடாக எடுக்கத் தயங்கும். அதனால் நகையும் ஆட்பிணையும்தான் மிஞ்சுகிறது. ஆட்பிணையில் ஒரே ஆள் பத்துப் பேருக்குக் கையெழுத்து வைத்திருப்பார். நல்ல மனிதராக இருப்பார், அதுதான் சிக்கலே. பிணையாளி வேறு எத்தனை கடனுக்குப் பிணை என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வங்கிக் கடனுக்கு வைத்த பிணைக் கையெழுத்து கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையிலும் வரும். ஒருவர் தன்னுடைய அறிக்கையைத் தானே கட்டணம் கட்டி எடுக்கலாம். பெரிய தொகை கேட்பவரிடம் அதைக் கொண்டுவரச் சொல்வதில் குற்றம் இல்லை.

மேலே 4 இல் சொன்ன கணக்கைச் சங்கத்துக்கும் போடுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் கட்டாத கடன் எவ்வளவு, அதற்கு எதிராக ஒதுக்கி வைத்தது எவ்வளவு என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பலகையில் எழுதுங்கள். பெயர் வேண்டாம், தொகை போதும். 2018 இல் வரட்சி மாவட்டங்களின் பெண்களுக்கு நுண்கடன் நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்ததே, ஒரே வீட்டுக்கு நாலைந்து நிறுவனங்கள் ஒன்றையொன்று பார்க்காமல் கடன் கொடுத்ததால்தான். சங்கமும் அந்த வரிசையில் ஐந்தாவதாகப் போய் நிற்கக்கூடாது.

9. வதந்தி வந்தால், காசு தர மறுத்தால்

"நாளைக்கு வங்கி பூட்டுதாம்" என்ற செய்தி வந்தால் முதலில் மத்திய வங்கியின் அறிவித்தலைப் பாருங்கள், 1935 க்கு எடுங்கள். 2023 யூன் 30 ஐ விசேட வங்கி விடுமுறையாக அறிவித்தபோது, வைப்பிலே கைவைக்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு அறிவிக்கப்பட்டது. வங்கி வைப்புகளைத் தொடவில்லை. அந்த வாரம் பயத்தில் நிலையான வைப்பை உடைத்தவர்களுக்கு வட்டி மட்டும் நட்டம்.

முதிர்ந்த வைப்பை ஒரு நிறுவனம் "அடுத்த கிழமை வாங்கோ" என்று இழுத்தடித்தால் அது வதந்தி இல்லை. வாய்ப்பேச்சில் விடாதீர்கள். கிளை முகாமையாளருக்குக் கடிதம் எழுதி, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத்தபாலில் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். எழுத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் பொருந்தாவிட்டால், வைப்புப் பத்திரம், கடிதப் பிரதி, தபால் பற்றுச்சீட்டு, சங்கக் கூட்டறிக்கை நான்கையும் சேர்த்து மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறைப்பாடு செய்யுங்கள். தமிழிலேயே எழுதலாம். நிதி ஒம்புட்ஸ்மனிடம் (நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிப்பவர்) போகும் வழியும் உண்டு. அங்கேயும் முதலில் கேட்பது நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தின் பிரதியைத்தான். மூலப் பத்திரத்தை எவரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள், பிரதியை மட்டும் கொடுங்கள்.